நாவலில் நான் சொன்னதாக வரும் வசனம்

பிள்ளையார் துணை

உரும்பிராய்

அன்பு மகள் தக்சாயினிக்கு,

பிள்ளையார் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நலம், அந்த அமெரிக்கக் குளிரில் நீயும் நலமாயிருக்க வேண்டுமென்று தினமும் விளக்கேற்றுகிறேன். நீ ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிய மூன்றாவது நாவலை அகராதியும் கையுமாக வாசித்து முடித்துவிட்டேன். அதில் வரும் அம்மா நான்தான் என்றும், நான் வேண்டாமென்றால் அச்சுக்குக் கொடுக்கமாட்டாய் என்றும் எழுதியிருந்தாய். அதற்குப் பதில் எழுதப் பேனையை எடுத்தால் பக்கத்து வீட்டுப் பராசக்தி வந்துவிட்டாள். "உன்ரை பெட்டை இப்ப வேலைக்குப் போறாளோ, இன்னும் கதைதான் எழுதுறாளோ?" என்றாள். முதல் நாவல் வந்தபோதும் இதைத்தான் கேட்டாள், இரண்டாவதுக்குப் பரிசு கிடைத்தபோதும் இதைத்தான் கேட்டாள். பல்கலைக்கழகத்தில் கதை எழுதப் படிப்பிக்கிறாள் என்றேன். "அதையும் படிப்பிக்க வேணுமே, எங்கடை ஊரிலை எல்லாருக்கும் தானா வருகுதே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் அப்பாவோடு கோபித்துக்கொண்டு அடுப்படியிலேயே இருந்து சாப்பிட்டதை எழுதியிருக்கிறாய், இருக்கட்டும். என் மூக்கைப் பற்றி எழுதியதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் வெள்ளிக்கிழமை நான் நண்டுக்கறி வைக்கிறேனாம்! வெள்ளிக்கிழமையில் மீன் காய்ச்சும் மச்சச் சட்டியை நான் தொட்டதுண்டா? அமெரிக்காக்காரருக்கு வெள்ளியும் வியாழனும் ஒன்றுதான், ஆனால் புத்தகத்தைப் பிள்ளையாரும் பார்ப்பார். வியாழன் ஆக்கிவிடு.

இனித்தான் சிக்கல். நாவலில் மகள் எஞ்சினியர் படிப்பை விட்டுவிட்டு எழுதப் போகும்போது, "உனக்கு எது வருமோ அதைச் செய், ஊர்க்கதையை நான் பாக்கிறன்" என்று அம்மா சொல்கிறாள். பிள்ளை, உண்மையில் அதைச் சொன்னது அப்பா. நான் அந்த நேரம் கோயிலில் நின்றேன். அந்தப் பக்கத்தை அவருக்குத் தமிழில் சொல்லிக் காட்டிய நாள்முதல் மனிதர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாழைக்குப் பாத்தி கட்டுகிறார். "நான் சொன்னதை அவள் ஏன் உனக்குக் குடுத்தவள்?" என்று ஒரே கேள்வி. அந்த வசனத்தை அவருக்கே திருப்பிக் கொடுப்பதுதான் நியாயம், எனக்கோ மனமில்லை, வாசிக்க வாசிக்க நானே சொன்னதுபோல ஆகிவிட்டது. நேற்றுத் தேத்தண்ணியைக் கையில் கொடுத்து, மகளுக்கு என்ன எழுதட்டும் என்று கேட்டேன். மண்வெட்டியைச் சாத்திவைத்துவிட்டு, "உன்ரை வாயிலையே இருக்கட்டும். நீ ஒருநாளும் உப்பிடி வடிவாக் கதைக்கேல்லை, புத்தகத்திலையாவது கதை" என்றார்.

ஆகவே அச்சடிக்கலாம். சனிக்கிழமையில் எண்ணெய் வைத்துத் தலை முழுக மறக்காதே, எழுதுகிறேன் என்று சாப்பாட்டைப் பிந்தவிடாதே. பிள்ளையார் உன் கையைக் காக்கட்டும். முதல் பிரதியை அப்பாவின் பெயருக்கு அனுப்பு. அவருக்கு நான்தான் வாசித்துச் சொல்ல வேண்டும், அந்த இடம் வரும்போது பராசக்தி வீட்டுக்கும் கேட்க வாசிப்பேன்.

உன் நன்மையையே வேண்டும்
அம்மா,
சோ. மகாதேவி