மருந்து கொடுக்காத எலிகள்

மச்சான்,

பக்கத்து வீட்டில் கதவுக்குப் பலகை இழைக்கிறார்கள். மரத்தூள் மணம் சன்னல் வழியே வந்ததும் உன் நினைவு வந்தது. தலைநகர ஆய்வுக்கூடத்தில் எலிக்கூண்டுகளுக்கு மரத்தூள் பரப்பிவிட்டு, வாரக் கடைசியில் ஈப்போவுக்கு வருவாய். உன் சட்டையில் இதே மணம் இருக்கும். நீ மாரடைப்பில் போன பின் எத்தனையோ முறை உன்னை நினைத்திருக்கிறேன். உன்னிடம் பேசியே ஆகவேண்டும் என்று தவித்தது இப்போதுதான்.

என் மகளுக்கு இரண்டு வயது. நீ அவளைப் பார்த்ததில்லை. சென்ற மாதம் எண்ணெய் தேய்த்துவிடும்போது, வயிற்றின் வலப்பக்கம் ஏதோ கட்டியாகத் தட்டுப்படுகிறது என்றாள் என் மனைவி. ஈரலில் புற்று. பீட்டா-கேட்டனின் என்னும் மரபணு பிறழ்ந்திருக்கிறது, இன்னொன்று ஓய்வின்றி இயங்குகிறது என்றார் மருத்துவர். அந்தப் பெயரை நான் முன்பே கேட்டிருந்தேன். குனோங் ராபாட் மாமாக் தேநீர்க் கடையில், உன் வாயால்.

“இந்த ரெண்டு ஜீன்ல ஒன்ன மட்டும் மாத்துனா எலி அநேகமா தப்பிச்சிரும் மச்சான். ரெண்டும் சேந்தாதான் ஈரல்ல கட்டி கிடுகிடுன்னு வளருது.”

“அப்போ கூட்டுச் சதிதான் லா?” என்றேன்.

“ஐயோ லாயரே, உனக்கு யாரையாச்சும் உள்ள தூக்கிப் போடணும்! மொதல்ல தே தாரிக்க குடி, ஆறுது.”

அன்று இருவரும் சிரித்தோம். இன்று அந்தக் ‘கிடுகிடு’ என்னும் சொல்தான் திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது.

எலிகளைப் பற்றிய ஆய்வுகளைத் தேடி வாசித்தேன். முன்தீர்ப்புகளைத் தேடுவது என் தொழில்; உண்மைகள் ஒத்திருந்தால் முடிவும் ஒத்திருக்கும் என்பது என் பழக்கம். அந்த எலிகள் சில வாரங்களில் இறந்திருந்தன. அந்த வாரங்களை அப்படியே என் மகளுக்குப் பொருத்திவிட்டேன். அவள் சோறு வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினாலும் மீதி வாரங்களை எண்ணினேன்.

“டாக்டரே அப்படிச் சொல்லல. நீங்க ஏன் தீர்ப்பு எழுதுறீங்க?” என்றாள் மனைவி. பிறகு, “மருந்துல முடி கொட்டுறதுக்கு முன்னாடி, அத முருகனுக்கே குடுத்துருவோம்” என்றாள்.

அப்போதுதான் அந்தக் கடைப் பேச்சின் மீதி நினைவுக்கு வந்தது. அந்த எலிகளுக்கு என்ன மருந்து கொடுப்பாய் என்று கேட்டிருந்தேன். நீ கோப்பையைக் கீழே வைத்தாய். முகத்தில் கேலி இல்லை.

“ஒன்னும் குடுக்கல மச்சான். நோய் எப்படி ஆரம்பிக்குதுன்னு பாக்குற வேலை அது. நாங்களே உண்டாக்கி, விட்டுட்டுப் பாத்தோம். பொழைக்க முடியுமான்னு அதுங்ககிட்ட நாங்க கேக்கவே இல்ல.”

கேட்கப்படாத கேள்விக்கு அந்த எலிகளின் சாவை நான் விடையாக்கியிருந்தேன்.

பயம் குறையவில்லை. மகள் பிழைப்பாள் என்று சொல்லவும் என்னிடம் ஆதாரம் இல்லை. நாளை அவளுக்கு முதல் மருந்து ஏறும். இன்று கோயிலில் மொட்டையடித்து, சந்தனம் காயாத தலையை என் தோளில் சாய்த்துத் தூங்குகிறாள். அவளைச் சுமந்திருக்கும் இந்த நேரத்தில், நீ விட்டுச்சென்றவற்றில் ஒன்றை மட்டும் இறுகப் பிடித்திருக்கிறேன்: பிழைக்க முடியுமா என்ற அந்தக் கேள்வியை இவளிடம் நாளைதான் முதன்முறையாகக் கேட்கப்போகிறார்கள்.