சமையலறைப் பரணில் இருக்கும் சீட்டுப் பட்டாசு

அனுப்புநர்
க. வைஷாலி, ஒன்பதாம் வகுப்பு மாணவி,
த/பெ. கணேஷ்குமார்,
பேக்கரிக்குப் பின்புறச் சந்து, மூன்றாவது வீடு,
மேட்டகள்ளி, மைசூரு.

பெறுநர்
வலய உதவி ஆணையர் அவர்கள்,
மாநகராட்சி வலய அலுவலகம்,
மைசூரு.

பொருள்: எங்கள் வீட்டில் உரிமம் இல்லாமல் வைத்திருக்கும் தீபாவளிச் சீட்டுப் பட்டாசுகளைப் பத்திரமாக அகற்றவும், சீட்டுக் குடும்பங்களுக்கு மைதானத்தில் இடம் ஒதுக்கவும் வேண்டுவது குறித்து.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். தாங்கள் கொள்ளேகாலில் வளர்ந்தவர், தமிழ் வாசிப்பீர்கள் என்று சென்ற ஆண்டு எங்கள் தெருவில் பேசிக்கொண்டதால் தமிழில் எழுதுகிறேன். கன்னடத்தில் எழுதினால் தம்பி தீபக் படித்துவிடுவான். அவனுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அம்மா தூங்குகிறார்.

1. சென்ற தீபாவளிக்கு முன் எங்கள் தெருவில் தையல் கடைக்கும் பேக்கரிக்கும் நடுவே பட்டாசுக் கடைகள் போட்டிருந்தார்கள். தாங்கள் நேரில் வந்து எல்லாவற்றையும் மைதானத்துக்கு மாற்றச் சொன்னீர்கள். கடைக்காரர் ரவிக்குமார், "தீபாவளி ஹப்ப நேரத்துல வயித்துல அடிக்கறீங்களே மேடம், நல்லா இருப்பீங்களா?" என்று எல்லார் முன்னாலும் கத்தினார். தாங்கள் பதிலுக்குக் கத்தவில்லை. "திட்டறத அப்புறம் திட்டுங்கண்ணா, இந்தப் பக்கம் தூக்குங்க" என்று மேசையின் ஒரு முனையைப் பிடித்தீர்கள். கடைசிக் கடை போகும்வரை மழையில் நின்றீர்கள். ஓர் அதிகாரி அப்படி நிற்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

2. மறுநாள் மைதானத்தில் ரவிக்குமாரின் கடையில்தான் தீப்பிடித்தது. தாங்கள் வைக்கச் சொன்ன மணல் வாளிகளால் அணைத்தார்கள். கடைகளுக்கு நடுவே இடைவெளி விட்டிருந்ததால் பக்கத்துக் கடைக்குத் தீ பரவவில்லை. யாருக்கும் காயமில்லை. "அந்த மேடம் மட்டும் வரலன்னா பேக்கரி சிலிண்டரோட சேந்து போயிருப்போம்" என்று அவரே இன்றுவரை எல்லோரிடமும் சொல்கிறார். இரவு பத்து மணிக்கு மேல் வெடிக்கக் கூடாது என்பதையும் தெருவில் மதித்தார்கள். எதிர்வீட்டு மோகனப்ரியா அக்காவின் கைக்குழந்தை அன்று அழாமல் தூங்கியது.

3. இனி எழுதுவதற்குப் பயமாக இருக்கிறது. என் அம்மா பஞ்சவர்ணம் கார்மெண்ட்ஸில் வேலை செய்கிறார். கட்டட வேலைக் குடும்பங்களுக்காகத் தீபாவளிச் சீட்டு நடத்துகிறார். மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினால் பண்டிகைக்கு ஒரு பெட்டிப் பட்டாசு கிடைக்கும். யாருக்கும் அவர் பெட்டி குறைத்ததில்லை. ஒரு கொத்தனார் இறந்த பிறகு அவர் மனைவியால் கட்ட முடியவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கும் அம்மாவே பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அவரைப் பற்றித் தவறாக நினைக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

4. மற்ற ஆண்டுகளில் மொத்த வியாபாரி தீபாவளிக்கு முந்தின நாள்தான் பெட்டிகளைக் கொண்டுவருவார். இந்த முறை அவருடைய கிடங்கில் இடமில்லையென்று இப்போதே இறக்கிவிட்டார். அவை எங்கள் சமையலறைப் பரணில், அடுப்புக்கு நேர் மேலே இருக்கின்றன. நேற்று சோறு வெந்துகொண்டிருந்தபோது ஏறித் தொட்டுப் பார்த்தேன். அடிப்பெட்டி சுட்டது.

5. அம்மாவிடம் சொன்னேன். "நாம என்ன கடையா போட்டிருக்கறோம்? சீட்டு கட்டுனவங்க பொருளப் பத்தரமா வெச்சுக் குடுக்கறோம். லைசென்ஸெல்லாம் விக்கறவங்களுக்குத்தான் பாப்பா" என்றார். எங்கள் பக்கத்தில் சீட்டு நடத்தும் எல்லோரும் அப்படித்தான் நம்புகிறார்கள். அப்பா சாமராஜநகரில் சென்ட்ரிங் வேலையில் இருக்கிறார், பண்டிகைக்குத்தான் வருவார். போனில் சொன்னால் அம்மாவிடம் கேட்பார், அம்மாவுக்குத் தெரிந்துவிடும். அம்மா சிலிண்டரை மூடிவிட்டுப் படுத்தாலும் நான் மறுபடி எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

6. புதன்கிழமை இரண்டாவது லோடு வருகிறது. பரணில் இடமில்லை. தீபக் படுக்கும் கட்டிலுக்கு அடியில் வைக்கலாம் என்று அம்மா சொல்லியிருக்கிறார்.

எனவே, பெட்டிகளைப் பாதுகாப்பாக எடுத்து, உரிமம் உள்ள இடத்தில் வைத்து, சீட்டுக் கட்டியவர்கள் மைதானத்திலேயே பெற்றுக்கொள்ள ஏற்பாடு செய்யும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் ஆண்டு முழுவதும் கட்டியது வீணாகக் கூடாது. சீட்டுப் பெட்டிக்கும் கடைகளுக்குள்ள அதே விதிதான் என்று மாநகராட்சியின் ஒலிபெருக்கி ஆட்டோவில் கன்னடத்திலும் தமிழிலும் சொல்ல வேண்டுகிறேன்.

ஜீப்பில் ஆட்களை அனுப்பாமல் தாங்களே வர வேண்டும். அம்மா ஆறரை மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். ரவிக்குமாரிடம் பேசியதுபோல் பேசினால் அம்மா கேட்பார். நான் எழுதினேன் என்பதை முடிந்தால் சொல்ல வேண்டாம். சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால் சொல்லுங்கள். அம்மா என்னோடு பேசாமல் இருந்தாலும் பொறுத்துக்கொள்வேன். புதன்கிழமைக்கு முன் வாருங்கள்.

இடம்: மைசூரு
நாள்: 12.10.2025

இப்படிக்கு,
தங்களை நம்பியிருக்கும்,
க. வைஷாலி