வெல்டிங் கடையில் சார்ஜ் ஏறிய வண்டி

அன்பு மகள் பெரியவளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். அம்மாவின் கண் பிழைத்துவிட்டது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மீதியைப் படித்துப் பதறாதே.

நீ சொல்லித்தானே அந்த எலெக்ட்ரிக் வண்டியை வாங்கினோம். 'ஒரு தடவை ஏத்தினா நானூறு கிலோமீட்டர் போகும்ப்பா' என்று போனிலேயே என் மண்டையைக் கழுவினாய். உள்ளே இடம் தாராளம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டிய என்னை நடுரோட்டில் முழி பிதுங்க வைத்துவிட்டதே. போன செவ்வாய்க்கிழமை காலையில் அம்மாவுக்கு இடது கண்ணில் பாதி இருட்டிவிட்டது. இங்குள்ள டாக்டர் பார்த்துவிட்டு, விழித்திரை கிழிந்திருக்கிறது, இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். இருநூற்று முப்பது கிலோமீட்டர். நான், அம்மா, சின்னவள், கூடவே உன் மாமாவும் அவருடைய மூன்று பெட்டிகளும். ஒரு நாள் போய்வர மூன்று பெட்டி எதற்கு என்று அந்த மனுஷனை யார் கேட்பது? வண்டியின் திரையில் இன்னும் இருநூற்றெண்பது போகும் என்று காட்டியது. மேட்டில் ஏறினோம், ஏசி போட்டோம், ஐம்பது ஓடினால் எழுபது குறைகிறது. மாமாவுக்குக் கணக்கு வாத்தியார் புத்தி போகுமா, ஏலம் விடுகிற மாதிரி ஒவ்வொரு எண்ணையும் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தார்.

போனில் பச்சையாகக் காட்டிய முதல் சார்ஜிங் நிலையத்தில் மெஷின் செத்துக் கிடந்தது. அடுத்ததில் ஒரு வண்டி முழுசாக ஏறி முடித்து நிற்கிறது, கழற்ற ஆளைக் காணோம். இன்னும் ஐம்பத்தைந்து போக வேண்டும், எங்களிடம் முப்பதுதான். வாடகை வண்டி கூப்பிட்டால் அந்த மேட்டுக்கு வர ஒருவரும் தயாரில்லை. எதிரே ஒரு வெல்டிங் கடை. அதை நடத்துகிற அம்மாள், 'பிளக் இருக்கு, ஆனா நான் வெல்டிங் வைக்கறப்பல்லாம் கழட்டிடுங்க, லைன் தாங்காது' என்றாள். அவள் பொறி பறக்கவிட, நாங்கள் கழற்ற, அவள் நிறுத்த, நாங்கள் செருக, இதே கூத்து. பிறகு அம்மா கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சின்னவளிடம் என்னவென்று கடைக்காரம்மாள் விசாரித்தாள். முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டு, 'இந்தக் கதவை நாளைக்கு ஒட்டிக்கலாம், கண்ணு காத்துக்கிட்டிருக்குமா' என்று வேலையையே நிறுத்திவிட்டாள். இரண்டு மணி நேரத்தில் முப்பத்தைந்து கிலோமீட்டர் ஏறியது. நாங்கள் கிளம்பும்போதுதான் சார்ஜ் மெஷினை அடைத்து நின்ற அந்த வண்டிக்காரர் பல் குத்திக்கொண்டு வருகிறார். சின்னவள் கொடுத்தாள் பார், ஜென்மத்துக்கும் மறக்கமாட்டார்.

ஒரு மணிக்குப் போக வேண்டியவர்கள் நாலு மணிக்குப் போனோம். வீட்டுக்குக் கிளம்பிவிட்ட டாக்டர் எங்களுக்காகத் திரும்பி உள்ளே போனார். 'நாளைக்கு வந்திருந்தா என்னாலயும் ஒண்ணும் முடியாது' என்றார்.

இதையெல்லாம் எல்லோரிடமும் உன்னையும் வண்டியையும் திட்டித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். உன்னிடம் மட்டும் உள்ளதைச் சொல்கிறேன். கிளம்புவதற்கு முந்தின நாலு நாளும் நான் வண்டியைச் சார்ஜில் போடவே இல்லை, அந்த வயரை இழுப்பது எனக்குப் பிடிக்காது. கிளம்பும்போதே சின்னவள், 'பக்கத்துத் தெருவுல அரைமணி நேரம் ஏத்திக்கலாம்ப்பா' என்றாள், எனக்கே வண்டி ஓட்டச் சொல்லித் தருகிறாயா என்று சீறினேன். அம்மாவிடம் முழுசாக ஏறியிருக்கிறது என்று பொய்யும் சொன்னேன். கட்டுப் பிரித்த அன்று அவளிடம் ஒப்புக்கொண்டேன். 'தெரியும். அந்தக் கடை வாசல்ல மூணு தடவை முகத்தைத் தொடச்சுக்கிட்டு வந்தீங்களே. எனக்கு ஒரு கண்ணு தெரிஞ்சுது இல்ல' என்றாள்.

நீயும் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரையே முறைத்துக்கொண்டிருக்காதே, இந்த மாதமே கண்ணைக் காட்டிவிடு. மாமாவிடம் இதைப் பற்றி மூச்சு விடாதே. இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும் என்று மனதார வாழ்த்தும்,

உன் அப்பா