ஆடி வரியோடு வந்த மனு

ஆரணி,
12.8.2009

அன்புள்ள பாலுவுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகமாகத்தான் இருக்கிறோம், தறியில் இறங்கும்போது மட்டும் அப்பாவுக்கு முட்டிவலி ஒரு முனகல் போடவைக்கிறது. நீயும் அரிஹந்த் தம்பியும் நல்லபடி இருக்க வேண்டும் என்று அம்மனிடம் சொல்லியிருக்கிறேன், இரண்டு பேர் பேரையும் சேர்த்துத்தான் சொன்னேன். பொழுது சாய்ந்தால் அந்தப் பிள்ளை சாப்பிடமாட்டான் என்றாயே, தேசூர் ஜைன வீட்டுப் பழக்கம் கனடா போயும் விடவில்லையா, நீ ஆபீசிலிருந்து ஆடி அசைந்து வந்து சமைத்தால் குளிர்காலத்தில் அவன் பட்டினிதான், காலையிலேயே குழம்பு வைத்துவிட்டுப் போ. சேவூரில் உன் தங்கை லாவண்யா நன்றாக இருக்கிறாள், அவள் குழந்தை நடக்கத் தொடங்கிவிட்டது, நூலையெல்லாம் இழுத்துப் போட்டு மாமியாரைப் பேஜார் பண்ணுகிறதாம். கரண்ட் மட்டும் இங்கே நினைத்தால் வருகிறது, நினைத்தால் போகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், எனக்கும் வாய் வராது, அதனால்தான் கடிதம். நீ படித்த நம் நெசவாளர் சங்கத்துப் பள்ளிக்கூடத்தில்தான் பச்சையம்மாள் மகன் சந்திரமோகன் பத்தாவது படிக்கிறான். பச்சையம்மாளை உனக்குத் தெரியுமே, நமக்கு நூல் சுற்றித் தருகிறவள். பையனுக்கு நடை கொஞ்சம் நளினம், கோலம் அழகாகப் போடுவான், வேறு ஒரு குற்றமும் இல்லை. ஆனி மாதம் கூடப் படிக்கிற பையன்கள் அவனைக் கக்கூசுக்குப் பின்னால் இழுத்துப்போய்த் துணியை அவிழ்த்து அடித்ததில் கை முறிந்துவிட்டது. தலைமையாசிரியை தெய்வநாயகி அதைச் சும்மா விடவில்லை. நடை உடையை வைத்தோ, யார்மேல் ஆசை என்பதை வைத்தோ எந்தப் பிள்ளையையும் அடிக்கக்கூடாது, கேலி பண்ணக்கூடாது, பள்ளியை விட்டு நிறுத்தக்கூடாது, இதை எல்லாப் பள்ளிக்கும் சட்டமாகவே போடுங்கள் என்று கலெக்டருக்கு எழுதப்போவதாகப் பெற்றோர் கூட்டத்தில் சொன்னார்கள். ஆணும் ஆணும் சேர்ந்து வாழ்ந்தால் குற்றமில்லை என்று டில்லி கோர்ட்டுத் தீர்ப்பு அப்போதுதான் பேப்பரில் வந்திருந்தது, ஊர் கொதித்துப்போய்விட்டது. இன்றைக்கு அடிக்காதே என்பார்கள், நாளைக்கு அதுதான் சரி என்பார்கள், பிள்ளைகளைக் கெடுக்கவா பள்ளிக்கூடம் என்று ஒரே பேச்சு. கை முறிந்த பிள்ளை எப்படி இருக்கிறான் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆடிக் கூழுக்கு வரி வாங்க வந்த அய்யாக்கண்ணு, அந்தச் சட்டம் கூடவே கூடாது என்று ஒரு மனுவையும் சேர்த்துக் கொண்டுவந்தார். நம் தெரு வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, சம்பாதிக்கிற ஆண்பிள்ளை எந்தச் சீமையில் இருந்தாலும் இங்கே ஒரு தலைக்கட்டு, அவனுக்காக அப்பன் வரி கட்டுவான். அப்பாவும் எப்போதும்போல எனக்கு ஒன்று பாலுவுக்கு ஒன்று என்று கட்டினார், அதே கையோடு மனுவிலும் இரண்டு கையெழுத்தைப் போட்டுவிட்டார். அருணகிரி, அதற்குக் கீழே பாலமுருகன், கனடா. நான் மோர் கொண்டுவந்தபோது அய்யாக்கண்ணு, "ஃபாரின்ல இருக்கிற புள்ளையே வேணாம்னு சொல்லுது பாருங்க, இதுக்கு மேல இன்னா வேணும்" என்று என்னிடமே பெருமை பேசுகிறார். நான் நீட்டிய மோர் அவர் வேட்டியில் சிந்திவிட்டது.

அப்பாமேல் கோபப்படாதே, அவருக்கு ஒன்றும் தெரியாது. லாவண்யா கல்யாணத்துக்கு வந்தபோது, பெண் பார்க்க வேண்டாம் அம்மா, எனக்குப் பெண்கள்மேல் அந்த எண்ணம் வராது, அரிஹந்தோடுதான் என் வாழ்க்கை என்று நீ என்னிடம் மட்டும்தானே சொன்னாய். நானும் பெரிய சாமர்த்தியசாலி மாதிரி இன்னொரு தோசையைத் தட்டில் போட்டுவிட்டு, அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்றேன். இப்போது வேறு வழியில்லாமல், அய்யாக்கண்ணு படியிறங்கியதும் அவரிடம் சொல்லிவிட்டேன், உன்னைக் கேட்காமல் சொன்னது தப்பென்றால் என்னைத் திட்டு. எப்போதிலிருந்து தெரியும் என்று மட்டும் கேட்டார். பிறகு தறியில் போய் உட்கார்ந்தார், ஊடு நூல் ஓட்டும் நாடாவைத் தொடவில்லை. முட்டிக்குத் தைலம் தேய்க்கப் போனேன், என் கையை நகர்த்திவிட்டார். நானும் அடுப்படியில் உட்கார்ந்து என்னென்னவோ யோசித்தேன். பத்தாவதில் பாதி நாள் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்வாயே பாலு, நான் ஓமத்தண்ணீர் கொடுத்துக் கொடுத்து அனுப்புவேன், அது வயிற்றுவலிதானா?

கொடுத்த பேரைத் திரும்ப எடுப்பதென்றால் சபையில் எழுந்து சொல்லித்தான் எடுக்க வேண்டும். கூழ் ஊற்றிய அன்று எல்லோரும் இருக்கும்போது அப்பா எழுந்தார். "எம் புள்ள பேரு அதுல வேணாம், எடுத்துடுங்க. அவனுக்கு அங்க விசா தொந்தரவு வரும்" என்றார். எல்லோரும் சரிதான் சரிதான் என்றார்கள், அய்யாக்கண்ணு அப்போதே உன் பேரைக் கோடு போட்டு அடித்துவிட்டார். தன் பேரை எடுக்கச் சொல்லி அப்பா கேட்கவில்லை. எனக்கு அப்பாடா என்று இருந்தது, பொய் சொல்லுவானேன். ஆனால் கூழ்ச்சட்டியோடு நின்ற பச்சையம்மாள், அப்பா எழுந்ததும் தனக்காக ஒருவர் பேசப்போகிறார் என்று நிமிர்ந்து பார்த்தாள், விசா என்றதும் தலையைக் குனிந்துகொண்டாள். நான் என் கூழை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். மறுநாளே பையனைக் களம்பூரில் மாமன் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள், கை சரியானதும் ரைஸ் மில்லில் சேர்க்கப் போகிறார்களாம். பத்தாவது அவ்வளவுதான்.

தலைக்கட்டுக் கணக்கில் பெண்பிள்ளை கிடையாது, அதனால் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ என் பேரை யாரும் கேட்கவில்லை. நானே தெய்வநாயகி வீட்டுக்குப் போனேன். அவர்கள் எழுதிய மனுவில் பச்சையம்மாள் கையெழுத்து ஒன்றுதான் இருந்தது. உங்களுக்கு எதற்கு அம்மா இந்த வம்பு, தெருவில் இருக்க வேண்டாமா என்றார்கள். "எம் புள்ளையும் இந்தமாதிரிதான் டீச்சர், இந்த ஸ்கூல்லதான் படிச்சான்" என்றேன். வாய்விட்டு வெளியாளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை, என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். பச்சையம்மாள் பேருக்குக் கீழே நானும் கையெழுத்துப் போட்டேன். இரண்டு பொம்பளைகள் கையெழுத்தை வைத்துக்கொண்டு கலெக்டர் என்ன செய்துவிடப் போகிறார், எனக்குத் தெரியாதா. நீ அந்தப் பள்ளியில் படிக்கும்போதே யாராவது ஒருத்தி இப்படிப் போயிருக்கலாம் என்பதுதான் மனசை அரிக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள், சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. அரிஹந்த் தம்பியின் அம்மாவுக்கு விஷயம் தெரியுமா என்று எழுது, தெரியும் என்றால் ஒருநாள் பஸ் ஏறித் தேசூர் போய் அவர்களைப் பார்த்துவிட்டு வருகிறேன். இரண்டு பேரும் தீர்க்காயுசாக, ஒருத்தருக்கொருத்தர் துணையாக இருக்க வேண்டும். வழக்கமாக அடியில் அப்பா இரண்டு வரி எழுதுவாரே, அதற்கு இடம் விட்டு இதைத் தறிமேல் வைக்கப் போகிறேன். வெறுமையாக வந்தால் மனசை விட்டுவிடாதே.

உன் அம்மா,
அபிதகுசாம்பாள்

பாலு, அம்மா எழுதியதைப் படித்தேன். காலையில் அய்யாக்கண்ணு வீட்டுக்குப் போய் என் பேரையும் எடுக்கச் சொன்னேன். மனு கலெக்டர் ஆபீசுக்குப் போய்விட்டதாம், இனி எடுக்க முடியாதாம்.
அப்பா