செல்வி சட்டையில் மாட்டிய கேமரா

ஞாயிறு, ஐப்பசி முதல் வாரம்

இன்று என் மனைவி செல்வி முதல் தடவையாக மலைமேல் இருக்கும் நெல்லிவாசலுக்கு ஷேர் ஜீப் ஓட்டினாள். பொம்பளை ஓட்டும் ஜீப்பில் யார் ஏறுவார்கள் என்று நேற்றுவரை எங்கள் இரண்டு பேருக்கும் பயம். ஆனாலும் ஏழு பேர் ஏறினார்கள்.

அதைப் படம் பிடிக்கத்தான் புது கேமரா வாங்கினேன். பழையது தீப்பெட்டி அளவு; ஒரு பட்டனை அமுக்கினால் ஓடும். அதற்குப் பிறகு அந்தக் கம்பெனி விட்டதெல்லாம் பெரிசு, கனம். படம் தெளிவாக வரும் என்று நம்பி வாங்கிவிட்டேன்.

புதியதை ஜீப்பின் முன்கண்ணாடியில் ஒட்டினேன். இரண்டாவது வளைவிலேயே கனம் தாங்காமல் ஸ்டியரிங் மேல் விழுந்தது. செல்வி ஜீப்பை நிறுத்தினாள்.

"இன்னாங்க இது, செங்கல்லக் கட்டி வுட்டிருக்கீங்க?"

எடுத்து மடியில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் சூடேறித் தானாக அணைந்துபோனது. பையில் இருந்த பழையதை அவள் சட்டையில் மாட்டிவிட்டேன். வளைவு திரும்புவதற்குள் அதை மறந்துவிட்டாள். எனக்கு வேண்டியதும் அதுதான்.

ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படத்தைப் பார்த்தேன். நெல்லிவாசலில் நான் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது, இறங்கிய ஒரு அக்கா அவளிடம், "நாளைக்கும் நீயே வாம்மா, பயமில்லாம வந்தோம்" என்கிறார். செல்வி இதை என்னிடம் சொல்லவே இல்லை.

அவள் மூச்சுக்குப் படம் மட்டும் மேலும் கீழும் அசைகிறது. பிறகு, "வர்றேங்க்கா."

மூன்று தரம் பார்த்துவிட்டேன்.