நேர் வரிசை

மே 6, செவ்வாய்

கத்திரி வெயில். காலையிலேயே தோல் பதனிடும் ஷாப் நாற்றம். தண்ணீர் லாரி வரவில்லை.

அண்ணன் செத்துப்போய் வருஷம் ஒன்று. அண்ணி இன்னும் இங்கேதான். மாடி அறை, அடுப்படி, துணிக்கொடி, எல்லாம் அவள் ராஜ்ஜியம். நெமிலியில் அவள் அம்மா வீடு இருக்கிறது, போய்த் தொலைய வேண்டியதுதானே. நான் வாய் திறந்து போ என்றால் தெருவே காறித் துப்பும். அவளாகக் கிளம்ப வேண்டும்.

மே 7, புதன்

போனில் நான் நடத்தும் ரூன் வகுப்பு. பழைய ஐரோப்பிய எழுத்துகள், இருபத்து நாலு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள். அந்த வரிசைதான் ஆன்மாவின் பயணம். முதல் எழுத்து மாடு. கடைசிக்கு முன் வீடு. கடைசி, பகல். பின்னால் நின்று அண்ணி கேட்டாள்.

"முதல் எழுத்தே மாடா? அப்போ ஆம்பூர்ல எல்லாருக்கும் மோட்சம்தான்."

ஷூ கம்பெனியில் தோல் தைக்கிறவளுக்கு நக்கலைப் பார். வகுப்பு முடியட்டும் என்று இருந்தேன்.

"இந்த எழுத்து வரிசையைக் கையில கட்டினவங்க வீட்டைத் தாண்டணும் அண்ணி. அப்பதான் வெளிச்சம். வீட்டைப் புடிச்சிட்டு உக்காந்தா இருட்டுதான். அண்ணனுக்கும் சேத்து."

கடைசி வார்த்தை நல்ல குத்து. முகம் செத்துவிட்டது. எனக்கு ரசம் கூட ருசித்தது.

சில புத்தகங்களில் பகல் முன்னால், வீடுதான் கடைசி. அவளுக்கு எதற்கு அதெல்லாம்.

மே 9, வெள்ளி

கேஸ் புக் செய்ய. முருங்கைக்கீரையில் பூச்சி.

அண்ணி சாப்பிடவில்லை. "தலைவலியா அண்ணி?" என்றேன், தேன் ஒழுக. எழுத்துகளை வரிசையாக வரைந்து தரச் சொன்னாள். துண்டுத் தோலில் வார் செய்து கட்டிக்கொள்வாளாம். கட்டட்டும். அவள் போனதும் மாடி அறைக்கு வெளிர் பச்சை பெயிண்ட்.

மே 10, சனி

பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள். ஓடிப்போய் ஸ்டூலைப் பிடித்தேன்.

மே 11, ஞாயிறு

வகுப்பு நடுவே வந்து நின்றாள். கையில் இரண்டு வார். மெழுகு நூல் தையல், சுத்தமான வேலை, இல்லை என்று சொல்ல முடியாது. ஒன்றில் நான் கொடுத்த வரிசை. இன்னொன்றில் தலைகீழ்: முதலில் பகல், அப்புறம் வீடு, கடைசியில் மாடு.

"எதுக்கு ரெண்டு? ஒண்ணு தப்பு வேற."

"இன்னா தப்பு? எங்க கம்பெனில ஒத்தக் கால் ஷூன்னா ரிஜெக்ட் லீலா. வலது வெட்டினா, அதையே திருப்பிப் போட்டு இடது வெட்டணும். வீட்டைத் தாண்டிப் போற கால் ஒண்ணு இருந்தா, வெளிச்சத்துலேர்ந்து வீட்டுக்குள்ள வர்ற கால் ஒண்ணு இருக்கணும்ல?"

தலைகீழ் வாரைத் தன் கையில் கட்டிக்கொண்டாள். நேர் வாரை என் மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டாள். போனில் அத்தனை முகமும் பார்க்கின்றன, கையை எப்படி இழுப்பேன்.

"வர்ற கால் என்னுது. போற கால் உன்னுது. நான் இருக்கிறது உனக்கு எவ்ளோ பேஜார்னு தெரியும். பெட்டியைத் தொடச்சி வெச்சிருக்கேன்."

மாணவி ஒருத்தி, போனில், கை கூப்பி: "எப்போ கிளம்புறீங்க மேடம்?"

முடிச்சு அவிழவில்லை. கத்தரிக்கோல் மாடியில், அவள் அறையில்.