மாதவி பேசணும், நான் பேசக்கூடாது

ஜூலை 8, செவ்வாய்

பள்ளியில் பெற்றோர் கூட்டம். ஒரு மணி நேரம் எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டினேன். "ஆறாம் ஆண்டுப் பெரிய சோதனை இனி இல்லை" என்று தலைமையாசிரியர் சொன்னதும் கை தட்டினேன். நான் மட்டும்தான் தட்டினேன். "அத எடுத்து நாலு வருஷம் ஆச்சுலா," என்றாள் பக்கத்தில் இருந்த புஷ்பவள்ளி. பள்ளி வேன் ஓட்டுகிறவள் நான். வெளியே சொல்லிக்கொள்ள முடியாது.

கூட்டம் முடிந்ததும் மாதவியின் தமிழ் டீச்சர் பமீலா என்னை நிறுத்தினார். "இப்பல்லாம் வருஷம் முழுக்க வகுப்பில் பார்த்துப் பார்த்துத்தான் படி போடுறோம்க்கா. மொத்தம் ஆறு படி, ஆறுதான் உசத்தி. மாதவி எழுத்துல அஞ்சு. பேச்சுல ஒண்ணு. அவ குரலையே நான் கேட்டதில்ல. கேட்காததுக்கு எப்படிப் போடுறது?"

என் வயிற்றில் பிறந்த பிள்ளையா பேசவில்லை?

ஜூலை 9

"டீச்சர் கேட்டா பேச வேண்டியதுதானே?"

"எல்லாரும் பாப்பாங்கம்மா."

"பாக்கட்டும். உனக்கு என் மூக்கு. டிக்கெட் போட்டுக் காட்டலாம்."

சிரிக்கவில்லை. கண்ணில் தண்ணீர். நான் மூணாம் ஆண்டோட நின்னவ, ஆனா எனக்கு வாய் இருந்துச்சு, அதை வெச்சுப் பொழச்சேன். இவ என்ன செய்வா? வருஷக் கடைசிவரைக்கும் ஒண்ணாம் படியிலேயே நிப்பாளா?

ஜூலை 11, வெள்ளி

வீட்டில் அவள் பேசுவதைப் போனில் பதிந்து டீச்சருக்கு அனுப்பினேன். பதில் வந்தது: "கேட்டேன்க்கா. முழுக்க நீங்கதான் பேசுறீங்க. உங்களுக்கு ஆறாம் படி."

செனாவாங் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரர் புனிதனுக்குப் போட்டுக் காட்டினேன். "கல்யாணம் ஆனதுலருந்து எனக்கும் ஒண்ணாம் படிதான்," என்றார்.

மறுபடி போட்டுக் கேட்டேன். ஒரு இடத்தில் மாதவி "ஒரு குரங்கு" என்று ஆரம்பிக்கிறாள். மிச்சத்தை நான் சொல்லி முடிக்கிறேன். அந்தக் குரங்கை நான் பார்த்ததே இல்லை.

ஜூலை 12

பேசக் கூடாது.

ஜூலை 14, திங்கள்

வேன் எடுக்கும் முன்னே ஒரு அசாம் வாங்கி வாயில் ஒதுக்கிக்கொண்டேன் — உப்புப் போட்டுக் காயவைத்த அந்தப் புளிப்புக் காய். "வேன் அக்காவுக்குப் பல்லு வலிலா," என்று பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம். கொஞ்ச நேரத்தில் பின் சீட்டில் ஒரு குரல் கதை சொல்கிறது. யாரென்று கண்ணாடியில் பார்த்தேன். என் மகள்.

டீச்சரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "வகுப்புலதான் கேக்கணும்னு இல்லக்கா. என் கார் பட்டறையிலன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லிடுங்க. புதன்கிழமை நானும் வேன்ல வரேன்."

ஜூலை 16, புதன்

டீச்சர் முன் சீட்டில், தூங்குகிற மாதிரி. என் வாயில் அசாம்.

பஞ்சாலை என்ற பக்கத்து வீட்டு அத்தை கழுவி வைத்த பல்செட்டைக் குரங்கு தூக்கிக்கொண்டு செம்பனை மரத்தில் ஏறிய கதை. குரங்கு பல்லை மாட்டிப் பார்த்ததையும், அத்தை பல்லில்லாமல் திட்டியதையும் மாதவி அப்படியே செய்தாள். டீச்சர் கண்ணைத் திறக்காமலே எனக்கு நாலு விரல் காட்டினார். கொஞ்சம் பொறுத்து ஐந்து.

பல் திரும்பக் கிடைக்கவில்லை.

கதை முடிந்து அது தெரிந்தபோது நாங்கள் மந்தின் ஊரில், பெட்ரோல் நிலையத்தைத் தாண்டியிருந்தோம். பள்ளிக்குத் திரும்பும் முனை எப்போதோ போய்விட்டது.

வேனைத் திருப்பிக்கொண்டு வந்தபோது பள்ளியில் காலைச் சபைகூடல் முடிந்திருந்தது. கேட்டில் தலைமையாசிரியர் காரணம் கேட்டார். டீச்சர் தரையைப் பார்த்தார். எனக்கு வாயில் அசாம்.

"எங்கம்மா பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போய்ட்டாங்க சார்," என்றாள் மாதவி, எல்லார் முன்னாலும், சத்தமாக.

அசாமைக் கொட்டையோடு விழுங்கிவிட்டேன்.